வேட்டியில் வடிகட்டிய ஆயில்

நேற்று ஒரகடம் சிக்னலில் பக்கத்தில் நின்ற கம்பெனி பஸ் 'புஸ்ஸ்' என்று காற்றை விட்டது. அவ்வளவுதான், கருகிய ஆயில் வாசனை என் மூக்கில் ஏறிவிட்டது. பஸ் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு எங்கள் ஏர் லிஃப்ட் ஞாபகம் வந்துவிடும், என்ன செய்ய!

இப்போது பலருக்கு அது தெரியாது. தரையில் புதைத்த சிலிண்டருக்குள் ஒரு இரும்புத் தூண். கம்ப்ரசர் காற்று டேங்கிலுள்ள ஆயிலைத் தள்ளும், ஆயில் தூணைத் தள்ளும், தூண் தலையில் கார் உட்கார்ந்து மேலே போகும். தாம்பரம் பக்கம் மூடிக் கிடந்த சர்வீஸ் ஸ்டேஷனிலிருந்து அதை நானும் அந்தோணியும் லாரியில் ஏற்றி வந்தோம். அந்தோணி படப்பைக்காரன், மெக்கானிக் ஷெட்டில் என் பார்ட்னர். துருவை எமரித்தாளால் தேய்த்தே எங்களுக்கு ரேகை அழிந்தது. கைப்பம்புக்குப் போடுகிற மாதிரி தோல் வாஷரை, பெரிய அளவில், அவனே வெட்டினான். என் பங்குக்கு ஒரே ஒரு வேலை.

"புது ஆயில் வாங்கி ஊத்து மச்சான், அது போதும்" என்றான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவன் சர்ச்சுக்குப் போயிருந்தான், ஆயில் கடை மூடியிருந்தது. எனக்கோ திங்கட்கிழமையே லிஃப்ட் ஏறுவதைப் பார்க்க வேண்டும். வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலை, டிகாஷன் மாதிரி, வேட்டியில் மூன்று தடவை வடிகட்டி ஊற்றினேன். அவன் வந்ததும் "புது ஆயில்தான்" என்றேன். நாக்கு கூசவேயில்லை!

பத்து நாள் ஜோராக ஓடியது. ஒரு மதியம், கம்பெனி டிரிப் அடிக்கிற பாபுவின் வேனை ஏற்றினோம். ஏறியது, இறங்கவில்லை. இரண்டாவது ஷிஃப்ட் பெண்களை இருங்காட்டுக்கோட்டை ரூம்களிலிருந்து ஏற்றிப் போகிற வேன் அது.

"அண்ணே, ஒன்றரைக்கு அதுங்க ரோட்ல வந்து நிக்கும். இன்னிக்கும் லேட்டுனா என் டிரிப்பைப் புடுங்கிடுவாங்கண்ணே!" பாபு அழாத குறை.

அந்தோணி காற்று போகிற பக்கத்தை எல்லாம் கழற்றிப் பார்த்தான். "ஆயில் பக்கம் இன்னா வரப்போவுது, புதுசுதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மணி ஒன்றாகிவிட்டது. அவனை ஓரமாக இழுத்துப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றவன், கசடு அடைத்திருந்த ஆயில் பைப்பின் ஜாயின்ட்டை அரைத் திருகு தளர்த்தினான். கறுப்புச் சகதி சட்டையெல்லாம் தெறிக்க நான் பக்கெட் பிடித்தேன். வேன் அங்குலம் அங்குலமாக இறங்கியது. ஒன்றேகாலுக்குத் தரை தொட்டது.

"இன்னாதான்ணே ஆச்சு?" என்றான் பாபு.

என்னைப் பார்க்காமலே அந்தோணி சொன்னான்: "பழைய லிஃப்டுபா. அது அப்படித்தான்."

பாபுவின் டிரிப் பறிபோகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த ஆயில் வாங்கி வந்தாலும், அந்தோணி விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவான். கடைசிவரைக்கும்.

ரோட்டை அகலப்படுத்தியபோது ஷெட் போயிற்று. சிலிண்டரைப் பிடுங்க முடியாமல் மேலே ஜல்லி கொட்டி மூடிவிட்டார்கள். அந்தோணி போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். பாபு இன்னும் என்னை எங்கே பார்த்தாலும் அந்த லிஃப்டைத்தான் திட்டுகிறான். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வருகிறேன்.