மாமாவின் காகித ஓட்டு

மாமாவுக்கு நாடாளுமன்றம் என்றாலே ஆகாது. டிவியில் உறுப்பினர்கள் எழுந்து நின்று கூச்சல் போட்டால், இவரும் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்று அவர்களைத் திட்டுவார். "நம்ம கடலு எந்தப் பக்கம் கெடக்குன்னு இவனுவளுக்குத் தெரியுமா?" அப்பேர்ப்பட்டவர் தேர்தலன்று வள்ளத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு, பூசைக்குப் போகும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, ஒன்பது வயதான என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாக்குச்சாவடி என் வகுப்பறைதான். "உங்க ஓட்டு போட்டாச்சே" என்றார்கள். எங்கள் கடற்கரையில் ஊர்ப் புனிதரின் பெயர் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும். தகப்பன் பெயரும் பாதி ஒத்துப்போகும். நாங்கள் வீட்டுப் பெயரை வைத்துத்தான் ஆளைப் பிரிப்போம். பட்டியலில் அதெல்லாம் கிடையாது. அதே பெயர்க்காரர் ஒருவர் காலையிலேயே மாமாவின் வரியில் கையெழுத்துப் போட்டு, ஓட்டையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மாமா போட்ட சத்தத்தில் வரிசையே உள்ளே எட்டிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. "அவன் ஓட்டு சும்மாத்தான கெடக்கு, அதப் போட்டுட்டுப் போலே" என்றார் ஒரு கட்சி ஏஜெண்டு. அதிகாரியாக நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த டீச்சர் சம்மதிக்கவில்லை. "அது இன்னொருத்தர் ஓட்டு. உங்க ஓட்டுக்கு வேற வழி இருக்கு, உக்காருங்க" என்று ஒரு புத்தகத்தைப் புரட்டினார். மாமாவின் வாக்காளர் அட்டையைச் சரிபார்த்து, நாலு கேள்வி கேட்டு, ஒரு காகித வாக்குச்சீட்டை நீட்டினார். "இதத் தனிக் கவர்ல வச்சு ஒட்டிருவோம். மத்ததோட எண்ண மாட்டாங்க. கோர்ட்டு கேட்டாத்தான் திறப்பாங்க" என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அடுத்த ரகளைக்கு நான் தயாரானேன். மாமாவோ சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "உள்ளதச் சொன்னியல்லா டீச்சர், அது போதும்" என்று சொல்லிவிட்டு மறைவுக்குப் போய் முத்திரை குத்தினார்.

வழியில் கண்டவர்களிடமெல்லாம் ஒரே பெருமை. "ஒங்களுக்கெல்லாம் மெஷின். எனக்குத் தனிக் காகிதமாக்கும்!" எண்ணாத ஓட்டுக்கு இத்தனை கொண்டாட்டமா? "ஏமாந்துட்டிய மாமா" என்றேன். "போடி" என்று என் தலையில் தட்டினார்.

சாயங்காலம் செய்தியில் நாடாளுமன்றக் கட்டடத்தைக் காட்டினார்கள். மாமா திட்டவில்லை. "அந்த டீச்சரப் போல அங்கயும் ஒண்ணு ரெண்டு பேரு இருப்பாவ, மக்கா" என்றார்.

டீச்சர் எங்கே, டில்லி எங்கே! மாமாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, ஓடிப்போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.