அக்கா பார்க்காத கேள்வி

விசைப்பலகையில் அந்த அக்கா தட்டும் விரல் சத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நான் டெக்னீஷியனாக வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையில் கேட்ட சத்தம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். தயாரான சாமான்களின் சோதனைப் பதிவுகளை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில்தான் வைத்திருந்தோம். அந்த எடிட்டருக்கென்றே ஒரு குட்டி நிரல்மொழி இருந்தது. அதில், ஒரே ஒரு விசையைத் தட்டியதும் வாங்கிக்கொள்ளும் கட்டளை ஒன்று உண்டு. என்டர் தட்ட வேண்டாம். சரி என்றால் 'ஒய்', இல்லை என்றால் 'என்', உடனே அடுத்த கேள்வி. அதை வைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையாக நாலு கேள்வி கேட்கும் ஒரு மேக்ரோ, அதாவது குட்டி நிரல், எழுதினேன். என்னவோ ராக்கெட் விட்டவன் மாதிரி அலட்டிக்கொண்டு திரிந்தேன்.

பதிவு போடுபவர்களில் அந்த அக்காதான் வேகம். கணினியோ படுமந்தம். கேள்வி திரைக்கு வரும்வரை அவர் காத்திருக்க மாட்டார். எதற்குப் பின் எது என்று மனப்பாடம். நாலு கேள்விக்கும் சேர்த்துத் தடதடவென்று தட்டிவிட்டு அடுத்த சாமானின் லேபிளை எடுத்துவிடுவார். தட்டிய எழுத்துகள் தொலைவதில்லை. உள்ளே வரிசையில் நின்று, கேள்வி வரவர ஒவ்வொன்றாகப் பதிலாகிவிடும். ஷிப்ட் முடிந்தால் பஸ் நிற்காது, அவசரம். நான் அதைப் பார்த்திருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, சூப்பர்வைசர் கேட்டாரென்று நடுவில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். போன வாரப் பதிவுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா? திரையில்தான் வருமே, படித்துக்கொள்வார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வந்து உட்கார்ந்தவர் அக்கா. பத்து நிமிடத்தில் ஒரு வாரப் பதிவு காணாமல் போனது. நகல் எதுவும் இல்லை.

"அழிக்கவான்னு கேட்டுச்சு, நீ ஒய் தட்டியிருக்க. மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"சத்தியமா அப்படி ஒரு கேள்வி வரவே இல்ல சார். நான் பாக்கலயே!" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "தம்பி, நீயே சொல்லுலா" என்றார்.

"கேள்வி வரும் சார். நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்" என்றேன்.

அது பொய் இல்லை. அதுதான் கொடுமை. கேள்வி வரத்தான் வந்தது. ஆனால் உள்ளே ஏற்கெனவே காத்திருந்த ஒய்யைப் பதிலாக எடுத்துக்கொண்டு, கண்ணில் படுமுன்னே போய்விட்டது. வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இது புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அன்று மதியம் மேக்ரோவில் ஒரு வரி சேர்த்தேன், கேட்பதற்கு முன்னால் காத்திருக்கும் எழுத்துகளையெல்லாம் வாங்கி வீசிவிடும் வரி. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

அவர் நாற்காலியில் வேறொரு பெண் வந்து நிதானமாகத் தட்டினாள். எனக்கோ அந்தப் பழைய தடதடதான் கேட்டது. திரையில் கர்சர் மின்னும்போது யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். பயமாக இருந்தது.

நாலு வருடம் கழித்து, சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன்கடை முன்னால் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகத்தான் நினைத்தேன். அவர்தான் கூப்பிட்டார். என்னோடு வந்திருந்த மனைவியிடம் நலம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒன்னு கேக்கவா? அன்னைக்கு அந்தக் கேள்வி வந்துச்சுதானே? என் கண்ணுலதான் படலயா? அதுலேர்ந்து என்னையே நான் நம்புறதில்லலா. அடுப்ப அணைச்சேனான்னு மூனு தடவ போய்ப் பாக்குறேன். கதவப் பூட்டிட்டு மகளக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்றேன்."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள்.

"வந்துச்சுக்கா" என்றேன்.

"அதானே, நீ ஏன் பொய் சொல்லப்போற" என்றார் நிம்மதியாக. விடைபெற்று நாலடி நடந்தவர் நின்று, பையைத் திறந்து, வாங்கிய மீன் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார். மூடிவிட்டு, மறுபடியும் திறந்து பார்த்தார்.