இன்னும் ஜாஸ்தி ஆகும் என்று சொன்ன டாக்டர்

பால் வாங்கப் போன அம்மா பால் இல்லாமல் திரும்பி வந்தார். நான் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "டாக்டரம்மா போய்ட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் வரை கிளினிக்கில் இருந்தவர், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து இறந்திருக்கிறார். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. ஆம்பூரில் எங்கள் பகுதிக்கு டாக்டரம்மா என்றால் டாக்டர் பியூலா ஒருவர்தான்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய கிளினிக்கில் காத்திருந்தவர்கள். அங்கே செருப்பைக் கழற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற கிளினிக்குகளில் வாசலிலேயே கழற்றிவிடுவோம். இவரிடம் கழற்றினால் திட்டு விழும். "கோயிலா இது? மாட்டிக்கினு வாங்க. ஊரே செருப்பு செய்யுது, அதப் போட்டு நடந்து காட்ட மட்டும் வெட்கம்" என்பார். வருகிறவர் கதவிலிருந்து நாற்காலிக்கு நடந்து வருவதை, கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பார்ப்பார். அது எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை.

அம்மாவை அழைத்துக்கொண்டு போன அன்று புரிந்தது. அப்போது அம்மாவுக்குச் சில வாரங்களாகவே பாதம் மதமதவென்று இருந்தது. சமதளத்திலேயே தடுக்கி விழுவார். சர்க்கரை நோய் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மருந்துக்கடையில் சொல்லி, நரம்பு ஊசி என்று சிவப்பாக ஒன்றும் போட்டுக்கொண்டாயிற்று. அம்மாவை நாற்காலி வரை நடக்கவிட்ட டாக்டர், "இன்னொரு செருப்பு எங்க மல்லிகா?" என்று கேட்டார். அம்மா குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. அது வராந்தாவில், மற்றவர்கள் காலடியில் கிடந்தது. கழன்று விழுந்ததும் அம்மாவுக்குத் தெரியவில்லை, வெறுங்காலில் தரை பட்டதும் தெரியவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். இது அவர் எல்லோரிடமும் சொல்வது. பையை மேசைமேல் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மா அப்போது காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். (இதை அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அந்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்கு நரம்பைக் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் கூடவே பி6 வைட்டமினும் தருகிறார்கள். அம்மா பெரிய மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கிவிட்டு, இது வெறும் சத்து மாத்திரைதானே என்று பி6 அட்டையைப் பிரிக்காமலே வைத்திருந்தார். டாக்டருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. காசநோய் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, பி6-ஐ இன்றே தொடங்க வேண்டும் என்றார். விட்டதற்கும் சேர்த்து நாலாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அம்மா கேட்டார். "சத்துன்னா அள்ளித் தின்னலாமா? இதையே ஜாஸ்தியா போட்டா இதுவே நரம்பக் கெடுக்கும்" என்றார்.

காசநோய் குணமானது. மாத்திரை முடிந்தது. கால் மட்டும் சரியாகவில்லை. மதமதப்பு முழங்கால் வரை ஏறியது. அம்மாவால் பேருந்துப் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. எனக்குப் பயம் வந்தது. அப்பா இல்லாத வீடு எங்களுடையது; அம்மாவின் உழைப்பில்தான் நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம். அம்மா படுத்துவிட்டால் நான் பள்ளியை விட வேண்டியதுதான் என்று உறவுக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள்.

அந்த மாதத்தில்தான் பக்கத்து வீட்டு நசீமா ஆன்ட்டி அதே கிளினிக்குக்குப் போனார். அவருடைய செருப்பும் வழியில் கழன்றது. அவருக்கும் சர்க்கரை இல்லை, காசநோயும் இல்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "மல்லிகாக்கா செய்ற அதே பேஸ்டிங் வேலதான் மேடம், ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து செய்வோம்" என்று ஆன்ட்டி சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு, பட்டுப்புடவையில் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையை எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்து காட்டச் சொன்னார். அம்மாவும் ஆன்ட்டியும் ஷூவின் மேல்பகுதித் தோல்களைத் தரையில் பரப்பினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். கதவைச் சாத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். காற்று பட்டால் சொல்யூஷன் டின்னிலேயே ஆடை கட்டிவிடும், தூசி ஒட்டினால் பீஸ் ரிஜெக்ட் ஆகும். சொல்யூஷன் என்று நாங்கள் சொல்வது தோல் ஒட்டும் பசையை. எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான் செய்தோம். அந்த வாசனை எங்களுக்கு வாசனையாகவே தெரியாது. டாக்டர் சிறிது நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் தப்பா பாத்துட்டேன் மல்லிகா" என்றார். "மாத்திரை கெடச்சதும் அதோட நின்னுட்டேன். நீ இன்னா வேலை செய்றேன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும்."

நான் நிறையப் புத்தகம் படிக்கிறவள். ஒரு டாக்டர் தரையில் உட்கார்ந்து நோயாளியிடம் இப்படிச் சொல்வதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்தப் பசை இளகி இருக்க ஹெக்ஸேன் என்ற கரைப்பான் சேர்ப்பதுண்டு, அதன் ஆவியை மூடிய அறையில் மாதக்கணக்கில் சுவாசித்தால் கால் நரம்பும் கை நரம்பும் கெடும் என்று விளக்கினார். வேலூரில் நரம்புப் பரிசோதனை செய்தபோது அதுதான் உறுதியானது.

வீட்டுக்கு வந்த அந்த ஞாயிறன்றே டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இந்த வேலைய இன்னியோட விட்டுடுங்க. ஆனா விட்டதும் சரியாய்டும்னு நெனைக்காதீங்க. இன்னும் சில மாசம் ஜாஸ்திதான் ஆகும். அதுக்கப்புறம்தான் எறங்கும். அப்போ வந்து என்னைத் திட்டுங்க. திரும்ப டின்ன மட்டும் தொடாதீங்க."

அவர் சொன்னபடியே ஆனது. வேலையை விட்ட பிறகுதான் அம்மா சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். டம்ளர் கையிலிருந்து நழுவியது. சரக்குக் கொடுக்க வரும் ஏஜெண்ட், டாக்டர் பேச்சைக் கேட்டு வேலையும் போயிற்று காலும் போயிற்று என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். வேலை செய்தபோது இவ்வளவு மோசம் இல்லையே என்று அம்மாவுக்கே தோன்றியது. ஏஜெண்டுக்குப் போன் செய்யப் போனார். செய்யும் முன் டாக்டரைக் கேட்டுவிடுவோம் என்று நான் கெஞ்சினேன். இருவரும் ஆட்டோவில் போனோம். அம்மா உள்ளே நுழையும்போதே சண்டைக்குப் போகிறவர் மாதிரி நுழைந்தார்.

"வா மல்லிகா, திட்டத்தான வந்த? உக்காந்து திட்டு, நின்னா கால் நோவும்" என்றார் டாக்டர்.

அம்மா திட்ட வாயெடுத்து, பிறகு அழுதார், பிறகு சிரித்துவிட்டார். சொன்னது சொன்னபடிதான் நடக்கிறது, தப்பாகச் சொல்லியிருந்தால் இன்றும் ஒப்புக்கொள்வேன் என்றார் டாக்டர். அம்மா அதை நம்பினார். நானும் நம்பினேன். தன் தவறை ஒருமுறை எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னவர் அல்லவா?

மழைக்காலம் முடியும்போது அம்மா சுவரை விட்டார். இப்போது ஒரு தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். கால்விரல் நுனிகளில் மட்டும் இன்னும் உணர்ச்சி முழுதாக வரவில்லை. நசீமா ஆன்ட்டி தையல் வேலைக்கு மாறிவிட்டார். பசை வேலையை விட முடியாத பெண்கள் மொட்டைமாடியில் கொட்டகைக்குக் கீழே, காற்றில் செய்கிறார்கள். அதற்காக டாக்டரே ஏஜெண்டைக் கூப்பிட்டுப் பேசினார். காற்றில் சொல்யூஷன் வீணாகிறது என்று ஏஜெண்ட் முறையிட்டபோது டாக்டர், "காஞ்சா வேற டின் வாங்கலாம். காலுக்கு எந்தக் கடைல டின் விக்குது?" என்று கேட்டதை எங்கள் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

அடக்கத்தன்று தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரை கூட்டம் நடந்தது. வயதானவர்களுக்காக ஆட்டோக்கள் நின்றன. ஏறிக்கொள் என்று அம்மாவை நாலைந்து பேர் அழைத்தார்கள். அம்மா ஏறவில்லை. வெயிலில், என் கையையும் பிடிக்காமல், சவப்பெட்டிக்குப் பின்னாலேயே கடைசி வரை நடந்தார்.

டாக்டர் பியூலாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் பேசிய இரண்டு பேச்சுகளை. தப்பாகப் பார்த்துவிட்டேன் என்பது ஒன்று. இன்னும் ஜாஸ்தி ஆகும் என்பது இன்னொன்று. கேட்பவருக்குப் பிடிக்காத இந்த இரண்டையும் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், சொன்ன பிறகும் அவர்கள் நம்மை நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன வேலைக்குப் போனாலும் அப்படிப் பேசுகிறவளாக இருப்பேன்.