ஹனிபா மருந்தகத்தை மூடிய மத்தியானம்

கடந்த செவ்வாய்க்கிழமை மருந்தக யன்னலில் டாக்குத்தரின் துண்டை நீட்டிய கிண்ணியாக்காரர் ஒருவர், "ஹனிபா மருந்தாளர் மவுத்தாகிட்டார், அறிஞ்சீங்களா?" என்று கேட்டார். குறிஞ்சாக்கேணியில் முதல் நாளே அடக்கமும் முடிந்துவிட்டதாம். வரிசையில் அறுபது பேராவது நின்றார்கள். கையிலிருந்த போத்தலை மேசையில் வைத்து அதன் லேபிளை மறுபடி வாசித்தேன். கவலைக்கு முன் எனக்குப் பயம்தான் வந்தது. அதன் காரணத்தை, இதை வாசிக்கும், அவரை அறிந்த உங்களிடம் இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

இருபது வருசத்துக்கு முன், எழுபதுகளில், துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நாலு மருந்தாளரின் வேலையை அவரும் நானும் செய்தோம். காலை ஏழு மணிக்கு நிற்கத் தொடங்கினால் இருக்க ஒரு கதிரை கிடையாது. வெற்றிடங்களை நிரப்பும்படியும், மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு தரும்படியும் ஹனிபா எழுதிய கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. "மற்ற நாளெல்லாம் நாங்க போத்தல் நிரப்புறவங்க. பிழை நடந்தா மட்டும் மருந்தாளர்" என்பார்.

அந்தப் பிழை என் கையால் நடந்தது. ஒரு மத்தியானம், வரிசை முடிந்தபின் குழந்தைகளின் இருமல் மருந்தைக் கலக்கப் போன ஹனிபா அலுமாரியின் முன் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் சேர்த்து ஐதாக்க வேண்டிய கடும் மருந்தின் சாடி திறந்திருந்தது.

"செல்வம், இதிலயிருந்து ஆருக்கும் ஊத்தினீங்களா?"

ஊற்றியிருந்தேன். கலந்த மருந்து முடிந்ததும், அவசரத்தில் பக்கத்துச் சாடியை எடுத்திருக்கிறேன். அது கடைசியாக வந்த ஒருவருக்குத்தான் போயிருந்தது: சல்லிக் கிராமத்திலிருந்து இரண்டு வயது மகனோடு வந்த ஒரு தாய். அந்த மருந்து அளவுக்கு மிஞ்சினால் பிள்ளை நித்திரையிலேயே மூச்சடங்கிப் போகும்.

அனுமதியில்லாமல் மருந்தகத்தைப் பூட்டுவது குற்றம். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரியவர் கொழும்புக்குப் போயிருந்தார். ஹனிபா கடமையிலிருந்த டாக்குத்தருக்கு நடந்ததைச் சொல்லி, மருந்தகத்தைப் பூட்டி, யன்னலில் ஒரு தாளை ஒட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் மிதித்தேன். வழியில் அவரிடம் மன்றாடினேன்: போத்தலை மாற்றி வைத்துவிட்டு வருவோம், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று. அவர் இன்னும் வேகமாக மிதித்தார்.

சல்லியில் கருவாடு காயப்போட்டிருந்தவர்களிடம் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். தாய் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இருமல் நிண்டிட்டுது ஐயா. நல்லா நித்திரை கொள்ளுறான்."

இன்றைக்கும் என்னை நடுங்கவைப்பது அந்தச் சொல்தான். பிள்ளையின் உதடு வெளிறியிருந்தது. ஹனிபா மணிக்கூட்டைப் பார்த்து மூச்சை எண்ணினார். எண்ணி முடியுமுன்பே பிள்ளையைத் தூக்கிவிட்டார். "மருந்தில பிழை நடந்திட்டுது. எங்கட பிழைதான் பிள்ள, உங்கட இல்ல" என்று தாயிடம் சொன்னார். மீன் ஏற்றும் வான் ஒன்றில் வந்தோம். வழிநெடுகப் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டேயிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில், பொழுது சாயும் நேரத்தில்தான் அவன் அழுதான். பிள்ளை தப்பிவிட்டான் என்று டாக்குத்தர் சொன்னார்.

கொழும்பிலிருந்து திரும்பிய பெரியவர், தாய் அளவு கூட்டிக் கொடுத்ததாக எழுதினால் எல்லாருக்கும் நல்லது என்றார். ஹனிபா மறுத்துவிட்டார். நடந்த பிழையையும், எத்தனை மணித்தியாலம் நின்றோம், எத்தனை வெற்றிடம் என்பதையும் விவரமாக எழுதிக் கையொப்பமிட்டார்.

விசாரணையில் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள்: வேலைப் பளுவா காரணம்? வீட்டில் மூன்று பிள்ளைகள். வேலை போய்விடும் என்ற பயத்தில், இல்லை, வேலை வழமையான அளவுதான் என்றேன். அதோடு அவருடைய அறிக்கை அநாதையாகிவிட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. அனுமதியில்லாமல் மருந்தகத்தைப் பூட்டியதற்காக அவருக்குச் சம்பள ஏற்றம் நின்றது. தூரத்து மலைநாட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றமும் வந்தது.

அவர் புறப்பட்ட அன்று பஸ் நிலையத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. அவர்தான் பேசினார்.

"நீங்க பயந்திட்டீங்க, செல்வம். நானும் பயந்துதான் எழுதினனான்."

அதற்குப் பின் நான் அவரைச் சந்திக்கவில்லை. ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டும், படகில் கிண்ணியாத் துறையைக் கடந்து போகும் துணிவு எனக்கு வரவில்லை.

எங்கள் மருந்தகத்தில் இப்போது மறுபடி இரண்டு பேர்தான். மற்றவர்கள் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்கள். செய்தி வந்த அன்று பின்னேரம், இந்த நிலையில் இன்னொரு பிள்ளைக்கு ஆபத்து வரும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். அன்றைய விசாரணையில் நான் பொய் சொன்னதையும் சேர்த்தே எழுதினேன். கையொப்பம் கோணலாக விழுந்தது. அப்படியே தபாலில் போட்டேன்.

பயத்தோடேயே உண்மையை எழுதலாம் என்பது ஹனிபாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை எடுத்துக்கொள்ள அவர் இறக்கும்வரை நாள் கடத்திவிட்டேன்.