திரும்பாத சாவி

பூட்டை மேசைமேல் டொக்கென்று வைத்தால்தான் எங்கள் கடை மருந்தாளுநருக்குப் பேச்சே வரும். சின்னப் பித்தளைப் பூட்டு, இரண்டு சாவி. ஒன்று திறக்கும், மற்றது உள்ளே போய்த் திரும்பாமல் நிற்கும். தைராய்டு மாத்திரைக்கு வந்தவரோ, ஸ்டீராய்டு களிம்புக்கு வந்தவரோ, பூட்டைப் பார்க்காமல் தப்ப முடியாது. அலமாரி அடுக்கும் எனக்கு அந்தப் பேச்சு மனப்பாடம்.

"செல்லுக்குள்ள இப்படி ஒரு பூட்டு இருக்குங்க. ஏற்பின்னு பேரு. ஹார்மோன்தான் சாவி. அது திரும்பினா, எந்த ஜீன் வேலை செய்யணுமோ அது முழிச்சுக்கும்." சில மருந்துகளும் அப்படித் திறக்குமாம். சில, திரும்பாத சாவியாக உள்ளே உட்கார்ந்துகொண்டு அசல் சாவியை அண்டவிடாதாம். கேட்பவர் தலையாட்டிவிட்டால் போதும், மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும்; எழுதுவது என்னிடம் இரவல் வாங்கி. மாத்திரை அட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். ஏனென்று அவருக்கே தெரியாது.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். இரண்டு வருடம் முன் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. நோய் மறுபடி வராமலிருக்கத் தினமும் டாமாக்சிஃபென், அந்த நோயை வளர்க்கும் ஹார்மோனை மார்பில் அண்டவிடாத மாத்திரை. இது திரும்பாத சாவி, பயப்படாதே என்று பூட்டைக் காட்டித்தான் அவளையும் தேற்றியிருக்கிறார்.

போன மாதம் ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. அந்த மாத்திரைதான் காரணமாம், அங்கே அது ஹார்மோன் மாதிரியே வேலை செய்யுமாம். டாக்டர் சோதித்துவிட்டு, இப்போதைக்குக் கெடுதல் இல்லை, நிறுத்த வேண்டாம் என்றார். நிறுத்தினால் பழைய நோய் வரலாம். தொடர்ந்தால் இது என்ன ஆகுமோ! அக்கா நேராகக் கடைக்கு வந்து, திரும்பாத சாவியைப் பூட்டில் செருகினாள்.

"மார்புல திரும்பாத சாவி கர்ப்பப்பையில மட்டும் எப்படிங்க திரும்புது? பூட்டும் அதேதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

அன்றிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. மத்தியானமெல்லாம் தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டினார். பூட்டு தனியாக வேலை செய்வதில்லையாம். கூட நிற்கும் புரதங்கள் உறுப்புக்கு உறுப்பு வேறாம். அப்படியானால் திருப்புகிற கை வேறு என்று சொல்லிவிடுங்களேன் என்றேன், பெரிய மேதாவி போல.

"கை வேறன்னு எனக்குப் புரியுது. அவ உடம்புல எந்தக் கை நாளைக்கு என்ன பண்ணும்னு யாரு சொல்றது?"

எனக்கும் தலை சுற்றியது. இருமல் மருந்தை அடுக்கப் போனேன்.

இன்று காலை அடுத்த மாத மாத்திரைக்கு அக்கா வந்தாள். நீங்கள் சொல்வதுதான் முடிவு என்றாள். பூட்டு மேசைமேலேயே இருந்தது, அவர் தொடவில்லை. அட்டையைக் காதருகே கொண்டுபோனார், ஆட்டாமலேயே கீழே வைத்தார்.

"போட்டுக்கன்னுதான் டாக்டர் சொல்றார். படிச்சதும் அதைத்தான் சொல்லுது. ஆனா எனக்குக் குழப்பமா இருக்கு."

அந்த மேசைக்குப் பின்னாலிருந்து இப்படியொரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பாவமாக இருந்தது.

அட்டையின்மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. அக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.