கனூவின் பின் இருக்கை

கண்மாயில் எங்கள் கல்லூரிப் படகு வட்டமடித்த கதையைத் தோழியர் இன்றும் சிரித்தபடியே சொல்கிறார்கள். எனக்கு உடம்பு எரிகிறது.

ஒரு முன்னாள் மாணவி தந்த நன்கொடை அது. கப்பலூரில் தண்ணீர்த் தொட்டி வார்க்கும் பட்டறை ஒன்றில், புத்தகப் படத்தைப் பார்த்துக் கண்ணாடி இழையில் செய்த கனூ. இரு முனையும் கூர்ந்த, ஒடுங்கிய படகு. முன்னே ஒருத்தி, பின்னே ஒருத்தி, ஆளுக்கொரு துடுப்பு. ஆனையூர்ப் பக்கத்துக் கண்மாயில் இறக்கினோம். யார் ஏறினாலும் சுற்றிச் சுற்றி வந்தது.

ஒரு வாரம் கழித்து என் வகுப்புத் தோழி தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். இருக்கையில் உட்காராமல் பின்பக்கம் மண்டியிட்டாள். ஒவ்வொரு முறை வலித்து முடிக்கும்போதும் துடுப்பை லேசாக வெளிப்புறம் திருப்பினாள். படகு நேராகப் போயிற்று.

"இதென்ன, மண்டி போட்டுக்கிட்டு? பாக்க நல்லாவா இருக்கு?" என்றார் உடற்பயிற்சி ஆசிரியை.

படகோடு வந்திருந்த அந்தப் புத்தகத்தை நான் விரித்துக் காட்டினேன். பனி நாட்டில் மரப்பட்டையால் இத்தகைய படகு கட்டியவர்களும் படத்தில் மண்டியிட்டிருந்தார்கள். ஆசிரியை புத்தகத்தை மூடினார்.

தோழியின் அப்பா மேற்கே ஓர் ஊரில் கண்மாய் மடை திறப்பவர். பனைமரத்தைக் குடைந்த தோணியில் தண்ணீர் நடுவே நிற்கும் கல்தூண்வரை சென்று, மூழ்கி அடைப்பை எடுப்பார். அந்தத் தோணியை அவள் சிறு வயதிலிருந்தே ஓட்டி வந்தாள். எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு. மடை திறக்கும் நாளில் என் அப்பா அவருக்குத் துண்டும் தேங்காயும் தருவார். கையில் தரமாட்டார், தரையில் வைப்பார், அவர் குனிந்து எடுத்துக்கொள்வார். ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை.

இரண்டு மாதம் அவள் பின்னே, நான் முன்னே. கல்லூரி விழா நாளில் விருந்தினர்முன் ஓட்டிக் காட்டும் இருவரே வெளியூர்ப் போட்டிக்குப் போவார்கள் என்று அறிவிப்பு வந்தது. திருமங்கலத்தைத் தாண்டியிராத அவள், "ரயில்ல சன்னலோரம் எனக்குத்தான். இப்பமே சொல்லிட்டேன்டி" என்றாள்.

விழா நாளன்று ஆசிரியை என்னைத் தனியே அழைத்தார்.

"வந்திருக்கவுகளோட வீட்டம்மா நடுவுல உக்காரப் போறாக. பின்னால நம்ம பக்கத்துப் புள்ளையா இருந்தாத்தான் நல்லா இருக்கும். உனக்குச் சொல்லணுமாக்கும்?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்து அவளிடம் திரும்பினார். "நீ எறங்கி நின்னு தள்ளிவிடு. உனக்குத்தான தண்ணி பழக்கம்." ஈரம் துடைக்க ஒரு துண்டைக் கொண்டுவந்து, அவள் கை நீட்டியும், தரையில் வைத்தார்.

பார்த்தேன். பார்த்துவிட்டு முன் இருக்கையில் போய் அமர்ந்தேன். பின்னே வேறொருத்தி ஏறினாள். தோழி இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்களைத் தள்ளிவிட்டாள்.

படகு வட்டமடித்தது. நடுவில் இருந்த அம்மாள் அலறி, பிறகு சிரித்தார். கரை முழுதும் கைதட்டியது. எப்படியோ கரை சேர்ந்தோம். மற்ற இருவரும் இறங்கிப் போனபின் நான் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறு," என்றேன் தோழியிடம்.

"இப்பச் சொல்றியா? அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

படகை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"துடுப்பக் குடு."

தனியே ஏறி மண்டியிட்டாள். ஓரிடத்திலும் முனை திரும்பாமல் எதிர்க்கரை சேர்ந்தாள். படகைக் கருவேல மரத்தில் கட்டினாள். தாவணி முந்தியைப் பிழிந்துவிட்டுப் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

"எம்புட்டுத் திமிரு பாரு!" என்றார் ஆசிரியை. "நீ கரையச் சுத்திப் போயி படகை ஓட்டிட்டு வா."

"மாட்டேன், மிஸ்."

என் குரல் அத்தனை உரக்க எழும் என்று நானே அறிந்ததில்லை. மேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் இந்தக் குரல் எங்கே போயிருந்தது? போட்டிப் பட்டியலிலிருந்து என் பெயரை அடிக்கச் சொன்னேன். அதனால் அவள் பெயர் அதில் ஏறிவிடவில்லை.

துண்டு, வைத்த இடத்தில், மடிப்புக் கலையாமல் கிடந்தது.