பால் ஊற்றி அழுகிய கள்ளி

வெள்ளிக்கிழமை தவறாமல் என் மாமியார் என் கள்ளிச் செடிக்கு மஞ்சள் கலந்த பால் ஊற்றினார். ஒரு செடியைக் கொல்ல இதைவிட பக்தியான வழி இருக்க முடியாது. எழுபதுகளின் கடைசியில், ஆரணியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

செடி போளூரிலிருந்து வந்தது. அங்கே அப்பாவுக்கு உரக்கடை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தறியில் இருக்க, அவர் மட்டும் தறியை விட்டுவிட்டு உரமும் பூச்சிமருந்தும் விற்கப் போனவர். கடையில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டியில் இந்தக் கள்ளி நின்றது. முயல் காது மாதிரி தட்டையாக, ஒரு மடலின் தலையில் இன்னொரு மடல் முளைத்து நிற்கும். கல்யாணத்தில் நான் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டது. பட்டுப்புடவையும் மாலையுமாக மடியில் சட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வாசலிலேயே மாமியார் நிறுத்தினார்.

"இன்னாமா இது? வேலியில கெடக்கறத சட்டியில வெச்சி இஸ்துகினு வந்துகீற? பின்னாடி கொண்டும்போய் வையி."

பின்கட்டில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். நல்ல வெயில் விழும் இடம். யாரும் திரும்பிப் பார்க்காததால் செடி சௌக்கியமாக இருந்தது. புது மடல்கூட விட்டது.

என்னைத்தான் யாரும் சும்மா விடவில்லை. என் வீட்டுக்காரர் குழித்தறியில் முகூர்த்தப் புடவை நெய்வார். நான் நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுப்பேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒருவரே நெய்ய முடியாது. அவர் உடலுக்கு நூல் தார் வைத்த நாடாக்கட்டையை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா ஓட்ட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு தறிக்குப் போய்விட்டான். நான் போய் உட்கார்ந்தேன். ஒரு இழை இழுத்துவிட்டால் கரை கோணிக்கொள்ளும். ஒரு இழை தொய்ந்தால் புடைத்துக்கொள்ளும். கழுத்து வலிக்க, விரல் இடுக்கெல்லாம் நூல் அறுக்கக் கற்றுக்கொண்டேன். கரை கோடு கிழித்த மாதிரி வந்தது. நூல் கொடுத்து நெய்து வாங்கும் பட்டுக் கடைக்காரர் அடுத்த பாவு நூலும் எங்களுக்கே கொடுத்தார். அதற்கடுத்ததும் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் செடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டது. உரக்கடையில் வளர்ந்தவளுக்கு இது தெரியாமல் போகுமா? மாவுப்பூச்சி ஜாதி. துடைத்துப் போடலாம் என்று துணி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் தயிர் வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"அடியே, பட்டுப்பூச்சி கூடு கட்டிகினு கீதுடி" என்று மாமியாரைக் கூப்பிட்டார்.

அந்தத் தெரு முழுக்கப் பட்டுதான் நெய்தார்கள். ஆனால் பட்டுப்பூச்சியை நேரில் பார்த்தவர் ஒருவர் கிடையாது. நூல் மைசூர்ப் பக்கத்திலிருந்து முறுக்கி, கட்டு கட்டாக வரும். பூச்சி முசுக்கொட்டை இலை தின்னும் என்று எல்லோரும் வாயால் சொல்வார்கள். அதனால் என்ன, பட்டு நெய்கிற வீட்டைத் தேடி அதுவே வந்திருக்கிறதே! அன்று சாயங்காலமே கள்ளிச் சட்டி வாசலுக்கு வந்துவிட்டது. சட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முள்ளில் சிக்கச் சிக்க ஒரு முழம் கதம்பமும் சுற்றினார்கள். வெள்ளிக்கிழமை பால் ஆரம்பித்தது.

"அத்தை, அது பட்டுப்பூச்சி இல்ல. செடிய உறிஞ்சற பூச்சி" என்றேன்.

"உரக்கடைக்காரர் பொண்ணு இல்ல, எத பாத்தாலும் பூச்சி மருந்துதான் ஞாபகம் வரும்" என்று வந்திருந்த பெண்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் தறியிலிருந்தபடியே சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் கடைக்காரர் முடிந்த புடவையை வாங்க வந்தார். கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "முன்னெல்லாம் இவ்ளோ சுத்தமா வராதே. யார் கைங்க இது?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தேன். மாமியார் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"எல்லாம் அந்தச் செடி வந்த நேரங்க."

மருமகள் வந்த நேரம் என்றுகூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவருக்கு மட்டும்தான் இழை இழையாகத் தெரியும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமியாருக்குப் பாதியும் அவருக்கு மீதியும் என்று பிரிக்க முடியாது. முழுக்க என் வீட்டுக்காரர் மேல்தான்.

செடி அடியில் பழுப்பேறத் தொடங்கியது. கிட்டே போனால் புளித்த பால் வாடை அடித்தது. எறும்பு வரிசை சட்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. மண் ஒருநாளும் காயவில்லை. விரலால் அழுத்தினால் அடி மடல் அளிந்த பழமாக அமுங்கியது. மேலே பஞ்சு தடித்துக்கொண்டே போக, கீழே வேர் அழுகிக்கொண்டே போனது. அடுத்த வெள்ளிக்கிழமை, பெண்கள் எல்லாம் கூடி நிற்கும்போது, நான் போய் ஒரு வெள்ளைப் பொட்டைக் கட்டை விரலால் நசுக்கினேன். சாயப் பட்டறைச் சிவப்பு மாதிரி விரல் முழுக்கச் சிவந்தது.

அது அந்தப் பூச்சியின் நிறம், அவ்வளவுதான். அவர்களுக்கு அது ரத்தம். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாவி, நம்ம பொழப்பே அதோட உசுருலதானே ஓடுது. அத கொன்னுட்டியே."

எனக்கு வாய் நிற்கவில்லை. "பட்டு எப்படி எடுக்கறாங்கன்னு தெரியுமா அத்தை? கூட்டோட, உள்ள பூச்சி உசுரா இருக்கும்போதே கொதிக்கற தண்ணியில போட்டு அவிப்பாங்க. ஒரு பொடவைக்கு எத்தினி கூடுன்னு யார்னா அழுதீங்களா? செடிய தின்ற பேனுக்கு அழறீங்க" என்றேன்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். நான் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக மாமியார் அன்று ஒரு சொம்பு பால் முழுவதையும் ஊற்றினார். மறுநாள் காலையில் செடி அடி விட்டுச் சாய்ந்து கிடந்தது.

நான் யாரையும் கேட்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். நூல் அறுக்கிற பிளேடால் அழுகலுக்கு மேலே வெட்டினேன். உள்ளே இன்னும் பழுப்பு ஓடியிருந்தது. சுத்தமான பச்சைச் சதை வரும்வரை சீவிக்கொண்டே போனதில் உச்சியில் ஒரு மடல்தான் மிஞ்சியது. மற்றதையெல்லாம் பஞ்சோடும் பூச்சியோடும் வெந்நீர் அடுப்பில் தள்ளினேன். மிஞ்சிய மடலைப் பட்டு அலசுகிற சோப்பைக் கரைத்துத் துடைத்து, ஒவ்வொரு முள் இடுக்கிலும் பிசிர் எடுக்கிற இடுக்கியை விட்டு நோண்டினேன். வெட்டுவாயில் சாம்பல் தொட்டுப் பரண் மேல் காயப் போட்டேன். முகமெல்லாம் புகை. அழுதேனா என்று கேட்டால், அழுதேன். துக்கத்தில் இல்லை.

மாமியார் அடுப்படியில் வந்து நின்றார். "செடி போச்சு. இனிமே ஆர்டர் வந்தா மாதிரிதான்."

"நல்லது. செடியாலதானே கரை நேரா வந்துது. நாளையிலருந்து கரைக்கு அந்தப் பூச்சியையே உக்கார வைங்க. நான் வரமாட்டேன்."

வரவும் இல்லை. சமைத்தேன், துவைத்தேன், தார்கூடச் சுற்றிக் கொடுத்தேன். தறிப் பக்கம் மட்டும் போகவில்லை. வெளியிலிருந்து ஆள் பிடித்து வந்து நெய்தார்கள். வெட்டுவாய் நன்றாகக் காய்ந்து தோல் கட்டியதும், மடலை ஆற்று மணலிலும் செங்கல் பொடியிலும் ஊன்றினேன். தண்ணீர் காட்டவில்லை. ஒருநாள் லேசாக அசைத்துப் பார்த்தேன். மடல் கையோடு வரவில்லை; வேர் பிடித்திருந்தது.

அந்த வாரம்தான் கடைக்காரர் புடவையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கரை பாம்பாக நெளிந்திருந்தது. "இன்னாங்க இது, பேஜாரா கீது. யார் கை பட்டுது?" என்றார். வெள்ளிக்கிழமை வேறு. மாமியார் இன்னும் விடாத பழக்கத்தில் மஞ்சள் பால் தம்ளரோடு வாசலுக்கு வந்தவர், செடி இருந்த இடம் வெறிச்சென்று கிடக்க, அப்படியே நின்றார்.

"செடி இல்லைங்க, அதான்..." என்று ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் தறிக் குழியிலிருந்து எழுந்து வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"செடி இல்லம்மா. கரை ஓட்டனது இவ. இப்ப இவ உக்காரல."

கடைக்காரர் முதல்முறையாக, கதவோரம் நின்றிருந்த என் பக்கம் திரும்பி, "அப்படிங்களா அம்மா" என்றார். மாமியார் தம்ளரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண் பின்கட்டுப் பக்கம், என் புதுச் சட்டி இருக்கும் பக்கம் போவதைப் பார்த்தேன்.

கையை நீட்டித் தம்ளரை வாங்கினேன். அத்தனை பேர் முன்னாலும், மஞ்சள் கசக்கக் கசக்க, ஒரு சொட்டு விடாமல் நானே குடித்தேன்.